நடையின் கடைசித் தரிப்பிடம் நமது வீடு

கற்பிட்டி
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் அஸ்ஜத் அறிய வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் உம்மாவும் நானும் நல்ல சுகத்துடன், நமது வீட்டில், நமது கூரையின் கீழ் இருக்கிறோம். சுகத்தோடு வீட்டையும் கூரையையும் சேர்த்து எழுதுவது வழமை இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய். காரணம் பின்னால் வரும். லிஸ்பனில் உன் சுகமும் வேலையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி மேலதிகமாக அறிய விரும்பினால், சிலாபத்தைச் சேர்ந்த கில்பட் என்ற சுற்றுலா வழிகாட்டியிடம் நீ கேட்டுக்கொள்ளலாம், அவனிடம் என்னிடம் இல்லாத விவரங்கள் பல இருக்கின்றன. உன்னோடு தொலைபேசியில் கதைக்கக் கூடாது என்று உம்மா எனக்குத் தடை விதித்திருக்கிறாள். கதைத்தால் நான் சத்தம் போடுவேன், சத்தம் போட்டால் இரத்த அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும், அப்படிப் போனால் வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்கு அருகில் குடியிருக்க வேண்டும் என்று நீ ஓயாமல் சொல்லிவருவது சரியென்று ஆகிவிடும் என்பது அவளுடைய தர்க்கம். ஆகவே தாளில் எழுதுகிறேன். தாளில் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு அது ஆறி, உறைந்து, கத்தியால் வெட்டக்கூடிய பதத்துக்கு வந்திருக்கிறது. வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருக்கும் உன் தங்கை றிஸ்மினா இதைப் படமெடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள். அசல் பதிவுத் தபாலில் வரும்.

முதலில் ஊர்ப் புதினம். சோளகம் இந்த வருடம் முன்னதாகவே பிடித்துவிட்டது. காற்றுப் பிடித்தால் பட்டக்காரர்கள் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். பலகையில் ஏறி நின்று வானத்துப் பட்டத்தால் இழுபடுவதற்கு அவர்கள் உலகத்தின் மறு கோடியிலிருந்து இங்கே பறந்து வருகிறார்கள், நமது கடற்றொழிலாளர் அதே காற்றுக்குப் பயந்து வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். முன்பு அவர்கள் கண்டக்குழிப் பக்கத்தோடு நின்றுகொண்டார்கள், நீ போன பிறகு நமது ஒழுங்கைக்குள்ளும் வந்துவிட்டார்கள். ஹுனைஸின் கருவாட்டு வாடி இப்போது கோப்பிக் கடை. கருவாட்டு மணம் சுவரை விட்டுப் போக மறுத்ததால் அதற்குக் ‘கடலின் நினைவு’ என்று பெயர் வைத்து, கோப்பியின் விலையையும் ஏற்றியிருக்கிறார்கள். ஐஸ் அறையின் மொட்டைமாடியில் காலையில் யோகா நடக்கிறது. இத்தாலியப் பெண்மணி ஒருத்தி ஹுனைஸின் மதில் நீளத்துக்கும் ஒரு கணவாய் மீனை வரைந்திருக்கிறாள், அதற்குப் பன்னிரண்டு கைகள். கணவாய் பிடித்தே பிள்ளை வளர்த்த நீ அதை எண்ணிப் பார்க்கவில்லையா என்று ஹுனைஸிடம் கேட்டேன். “சும்மா வரைஞ்சு தந்தது ஸேர், ரெண்டு கை கூட வந்தா நட்டமா” என்றான். இவ்வளவும் எனக்குப் பிரச்சினை இல்லை. ஊர் என்றால் மாறத்தான் செய்யும், கழுதைகள் கூட இப்போது கோப்பிக் கடை வாசலில்தான் படுக்கின்றன.

ஒழுங்கை முகப்பில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ‘கற்பிட்டி போஹேமியன் வட்டாரம்: வழிகாட்டியுடன் ஒரு நடை’ என்பது அதன் வாசகம். நீ புவியியல் படிக்கவில்லை, நான் பேராதனையில் நாலு வருடம் படித்தேன். போஹேமியா என்பது ஐரோப்பாவின் நடுவே, மலைகளால் சூழப்பட்ட, கடல் என்பதையே காணாத ஒரு நிலப்பரப்பு. அங்கிருந்து வந்த நாடோடிகள் என்று எண்ணிப் பாரிஸ்காரர் சிலரை அந்தப் பெயரால் அழைத்தார்கள், பிறகு வாடகை கொடுக்காமல் ஓவியம் வரைபவர்கள் எல்லாரும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கற்பிட்டிக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு றவூப் வந்து, “ஸேர், அந்த நடைல நானும் இருக்கேன், உங்கட வீடும் இருக்கு. உங்கட வீடுதான் கடைசி. அந்த இடத்துலதான் கில்பட் கண்கலங்குறவன்” என்றான். எதற்காகக் கண்கலங்குகிறான் என்று கேட்டேன். “அதக் காசு கட்டி வந்து கேளுங்களேன்” என்று சிரித்துவிட்டுப் போனான்.

என் வீட்டைப் பார்த்து இன்னொருவன் ஏன் அழுகிறான் என்பதை அறியும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நான் கருதினேன். நடை வார நாட்களில் நடப்பது, அந்த நாட்களில் நான் புத்தளத்தில் காணிக் கந்தோரில் இருப்பதால் கில்பட் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. புதன்கிழமை லீவு போட்டேன். உன் உம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வழமைபோல் பையுடன் பஸ்ஸுக்குப் புறப்பட்டு, றவூபின் வீட்டுப் பின்புறத்தில் உடுப்பை மாற்றி, நீ போன பெருநாளுக்கு அனுப்பிய வைக்கோல் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கனவானாகப் பலகைக்கு முன்னால் போய் நின்றேன். அந்தத் தொப்பி எனக்குப் பொருந்துகிறது, அதற்கு நன்றி. என்னோடு ஒரு ஜெர்மன் தம்பதியும், கொழும்பிலிருந்து வந்த இரண்டு யுவதிகளும், கிட்டாரின் குட்டி போன்ற ஒரு வாத்தியத்தை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு நெட்டையனும் இருந்தார்கள். கில்பட்டுக்கு முப்பது வயது இருக்கும். முன்பு சிலாபம் மீன் சந்தையில் ஏலம் கூறியவனாம், பொய்யையும் அதே குரலில், யாராவது இதற்கு மேல் கேட்பதற்குள் முடித்துவிடும் வேகத்தில் சொல்கிறான். ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் அவன் வாயில் ஒரே வள்ளத்தில் ஏறி வருகின்றன. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

கணவாயின் பன்னிரண்டு கைகளும் களப்பின் பன்னிரண்டு தீவுகளாம், வள்ளம் இறக்குமுன் மீனவர்கள் அதற்கு முன்னால் நின்று மௌனம் காப்பார்களாம். ஹுனைஸின் வாடியில் ஒருகாலத்தில் கடலோர ஞானிகள் கூடினார்களாம். அங்கே கூடியது ஈக்கள் என்பதை நான் அறிவேன், ஆனால் அந்த யுவதிகள் எழுதிக்கொண்டார்கள். நமது பின்மதிலில் ஆடு ஏறாமல் இருக்க நான் பதித்த போத்தல் கண்ணாடிகளைக் காட்டி, பிரிவைப் பற்றிய ஒரு கலைப்படைப்பு, கலைஞர் பெயர் வெளியிட விரும்பவில்லை என்றான். அதுவரையில் அது உண்மை. அடுத்ததாகத் தென்னைக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருந்த முதிய மீனவரைக் காட்டினான். அது றவூப். முப்பது வருடம் புத்தளம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த றவூப், கடலில் கால் நனைத்தால் தடிமன் பிடிக்கும் என்று ஒதுங்கி நடக்கும் றவூப், வெறும் மேலோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தூரத்து அலைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மடியில் இருந்த வலையில் மிதவைக் கயிறு எது, ஈயக் கயிறு எது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தான். ஜெர்மன்காரர் படம் எடுத்தார். நான் அருகே போய், வலை எத்தனை வருடப் பழையது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் தலை நிமிராமல், “முன்னுக்குப் போங்க ஸேர், முன்னுக்குப் போங்க, வழிய மறிக்காதீங்க” என்று தமிழில் முணுமுணுத்தான். கில்பட் அதை ஒரு பழைய கடற்பாடல் என்று மொழிபெயர்த்தான்.

பிறகு நமது படலைக்கு முன்னால் வந்து நின்றோம். கில்பட் தொப்பியைக் கழற்றினான், நானும் மரியாதைக்குக் கழற்றப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டேன். நமது முன்கதவு போர்த்துக்கேயர் காலத்ததாம். அதைச் செய்த புத்தளத்துத் தச்சன் போன மாதம்தான் என்னிடம் ஒரு காணி விடயமாக வந்து போனான். இந்த வீட்டில் பெரிய படிப்புப் படித்த ஒரு முதியவர் தனியாக வாழ்கிறார், மனைவி இறந்த நாளிலிருந்து அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை, மாலையில் அந்த ஜன்னலில் ஒரு விளக்கு மட்டும் எரியும் என்று சொல்லி அவன் கண்ணைத் துடைத்தான். நானும் கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவு நன்றாகச் சொன்னான். அதே வேளை குசினிக்குள்ளிருந்து, இறந்துபோன உன் உம்மா, இஞ்சி விலையைப் பற்றி யாருடனோ தொலைபேசியில் சண்டை பிடிப்பது ஒழுங்கை முழுவதும் கேட்டது. அது யார் என்று ஜெர்மன் பெண்மணி கேட்டாள். சமையற்காரி என்றான் கில்பட். பெரியவர் அவளை நன்றாக நடத்துகிறாரா என்று அவள் கவலையுடன் கேட்க, அவன் சற்று யோசித்து, கொஞ்சம் கடுமையான மனிதர்தான், ஆனால் சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பார் என்றான்.

மகன், இதுவரை நான் எழுதியதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இனி எழுதுவதுதான் உனக்கு. கில்பட் கண்ணைத் துடைத்த கையோடு முகத்தை மலர்த்தி, ஆனால் ஒரு நல்ல செய்தி என்றான். பெரியவரின் மகன் லிஸ்பனில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் வரையும் கலைஞன். தை மாதத்திலிருந்து இந்த வீடு உலகக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் விடுதியாகத் திறக்கப்படும். நடையை நடத்தும் கொழும்புக் கொம்பனிதான் பொறுப்பெடுக்கிறது. மகன் வரைபடம் எல்லாம் வரைந்து அனுப்பிவிட்டான். பெரியவர் புத்தளத்தில் இருக்கும் தன் மகளோடு போய்ச் சேர்ந்துவிடுவார். றிஸ்மினா அங்கே மூன்று ஆசிரியைகளோடு ஒரே அறையில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாததல்ல; நான் நான்காவது ஆசிரியையாகச் சேரவேண்டும் என்பது உன் ஏற்பாடு போலும். நான் அவன் அருகே போய், பெரியவர் இதற்குச் சம்மதமா என்று தமிழில், தணிந்த குரலில் கேட்டேன். அவனும் குரலைத் தணித்து, நம்பிக்கைக்குரிய ஒருவனிடம் சொல்வதுபோல், “அது ஒண்டும் இல்ல ஸேர். மகன் கொம்பனிக்குச் சொல்லிட்டார். வீட்டுல இருக்கிறவங்க ஒரு பிரச்சினை இல்லயாம்” என்றான்.

வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு பிரச்சினை இல்லை. இந்த வாக்கியத்தை நான் நாலு நாளாக வாயில் போட்டுப் பார்க்கிறேன், கரையவில்லை. என் உத்தியோகத்தில் ‘இருக்கிறவர்’ என்றால் காணி உறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் குடியிருப்பவர். அவரை எழுப்புவதற்கு முறைகள் உண்டு, முதலாவது முறை அவருக்கு அறிவித்தல் கொடுப்பது. உனக்கு நினைவுபடுத்துகிறேன், தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் விரட்டப்பட்டபோது, மன்னாரில் உன் மூத்தாப்பாவின், அதாவது என் வாப்பாவின், வீட்டை விட்டு வெளியேறும்படி எங்களுக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர்கள் ஆயுதத்தோடு வந்தார்கள், ஆனால் வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். உன்னை நான் அவர்களோடு ஒப்பிடவில்லை. அறிவித்தல் கொடுத்த முறையை மட்டும் ஒப்பிடுகிறேன்.

நான் அந்த இடத்திலேயே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருப்பேன், அதற்குள் நடையின் சிற்றுண்டி வந்துவிட்டது. ஒரு மாதமாக இந்த நடையின் முடிவில் வெளிநாட்டார் சாப்பிடும் இனிப்பு வட்டிலாப்பம் எந்தக் குசினியிலிருந்து வருகிறது என்பது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. பக்கப் படலை திறந்தது, உன் உம்மா தலைக்கு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நமது கலியாணத் தட்டத்தில் சிறு கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் நீட்டினாள். எனக்கு முன்னால் வந்ததும், நான் கையை நீட்ட, அவள் தட்டத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கில்பட்டைப் பார்த்து, “தம்பி, இந்தத் தொரைக்குக் குடுக்காதீங்க. சீனி வருத்தம்” என்றாள். கில்பட் திகைத்து, “அக்காக்கு எப்பிடித் தெரியும்” என்று கேட்டான். “முப்பது வருஷமா ஆக்கிப் போடுறன், தெரியாதா” என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, “கந்தோர் இண்டைக்கு இஞ்சயா நடக்குது” என்றும் கேட்டாள். அந்த ஏலக்காரன் கழற்றிய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நழுவப் பார்த்தான். ஆனால் ஐந்து முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால், தொழில் தர்மத்தை விடாமல், நடந்தது முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். நெட்டையன் கைதட்டினான். ஜெர்மன் பெண்மணி மட்டும் விளங்காமல், அப்படியானால் பெரியவர் சமையற்காரியையே மணந்துகொண்டாரா என்று கேட்டு, எங்கள் இருவருக்கும் வாழ்த்துச் சொன்னாள்.

உன் ஏற்பாட்டை உம்மாவுக்குச் சொல்லவேண்டிய நிலைமை இவ்வாறு ஒழுங்கையில், ஐந்து வெளியாட்களுக்கு முன்னால் எனக்கு ஏற்பட்டது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிவில் கில்பட்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஆர்ர வீடு எண்டு சொன்னவன்?” வாப்பாவின் வீடு என்று மகன் கொம்பனிக்குச் சொன்னதாக அவன் சொன்னான். உம்மா தட்டத்தை, வேடிக்கை பார்க்க வந்து நின்ற றவூபின் கையில் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். “இவர்ர வீடா? இவர் ஒரு சூட்கேஸோட வந்த மனுசன். அந்தச் சூட்கேஸுக்கும் பூட்டு இல்ல” என்று சிரித்துச் சிரித்து முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். கில்பட் அதையும் மொழிபெயர்த்தான். மகன், இருபத்தேழு வயதில், லிஸ்பன் மாநகரத்தின் வீடுகளுக்கு உள்ளறை வரையும் நீ, பிறந்து வளர்ந்த வீடு யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பதை அந்தச் சிரிப்பில்தான் நான் உணர்ந்தேன். நமது ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. உன் உம்மாவின் வாப்பா செய்னுலாப்தீன் ஹாஜியார் அதைக் கட்டி, நிக்காஹ் நாளில் உன் உம்மாவின் பெயருக்கு எழுதினார். நான் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்குள் வந்தேன். இனி அது றிஸ்மினாவுக்கு. நோன்பு முடிந்து அஸ்மினோடு அவளுக்கு நிக்காஹ், அஸ்மின் அந்த வீட்டுக்கு வருவான். அஸ்மின் வீட்டார் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, வழமை அப்படி. ஆண்பிள்ளையான உனக்கு அதில் ஒரு ஓட்டுத்துண்டும் இல்லை, எனக்கும் இல்லை. வாப்பாவின் பெயர் வாசலில் எழுதியிருப்பதால் வீடும் வாப்பாவுடையது என்று நீ எண்ணியிருக்கிறாய். அந்தப் பெயர்ப்பலகை, தபால்காரனின் வசதிக்காக உம்மா எனக்கு வழங்கிய சலுகை. நீ உன் தங்கையின் வீட்டை, உன் உம்மாவைக் கேட்காமல், உன் வாப்பாவுடையது என்று சொல்லி, அந்நியருக்குக் கொடுத்திருக்கிறாய். இருபத்தெட்டு வருடமாகக் காணிப் பிணக்குகளைப் பார்த்துவருகிறேன், ஒரே வாக்கியத்தில் மூன்று பேரின் உரிமையில் கைவைத்த வேறொருவரை இன்னும் சந்திக்கவில்லை.

உன் எண்ணம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. எனக்குச் சீனி, உம்மாவுக்கு முழங்கால், ஆஸ்பத்திரி தூரம், காற்றுக் காலத்தில் கூரை கதறும், எல்லாம் உண்மை. உன் பெயரில் ஒரு விடுதி வருவதும் உனக்கு நல்லதுதான். ஆனால் நல்ல எண்ணத்தை ஒருவர் உறங்கும்போது அவர்மேல் போர்த்திவிட்டுப் போகலாம், அவருடைய கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கேட்டிருந்தால் உம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை முன் இரண்டு அறைகளையும் தானே கலைஞர்களுக்குக் கொடுத்திருப்பாள். வட்டிலாப்பம் விற்கத் துணிந்தவள் அறை விடவும் துணிவாள். நீ கேட்கவில்லை என்பதால் அந்தப் பதிலை நாம் யாரும் இனி அறியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை கொம்பனியிலிருந்து இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்தார்கள். அன்றும் லீவு போட்டிருந்த நான் ஜும்ஆ முடிந்து வந்தபோது அவர்கள் முன் விறாந்தையில், கைகட்டிக் கதிரையில் இருந்தார்கள், அளவுநாடா உம்மாவின் மடியில் இருந்தது. உப்பின் வெண்மையில் சுவர் பூச வேண்டும் என்று நீ தெரிவு செய்திருக்கிறாயாம். உம்மா உறுதியைக் காட்டவில்லை, தன் பெயரைச் சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள், இந்தச் சுவரில் கைவைக்க யோசிக்கிறவர் முதலில் தன்னை வந்து பார்க்கவேண்டும் என்றாள். அவர்கள் மரியாதையான பிள்ளைகள். ஆனால் உன்னோடுதான் கதைத்திருக்கிறார்கள், தை மாதத்துக்கு ஆட்களையும் அழைத்துவிட்டார்கள், நீயே உன் வாயால் பின்வாங்கும்வரை தாங்கள் மேலிடத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அது நியாயம். நீ திறந்த படலையை நீதான் சாத்தவேண்டும்.

கில்பட் புதன்கிழமை பின்னேரமே மன்னிப்புக் கேட்க வந்தான், என்னிடம் அல்ல, உம்மாவிடம். வட்டிலாப்பம் தொடர்ந்து கிடைக்கவேண்டுமானால் கதையை மாற்றவேண்டும் என்று உம்மா நிபந்தனை போட்டாள். இப்போது நமது வாசலில் அவன் சொல்லும் கதை இது: முப்பது வருடத்துக்கு முன் பூட்டில்லாத ஒரு சூட்கேஸோடு வந்த படித்த வாலிபனுக்கு இந்த வீட்டுச் சீமாட்டி இரக்கப்பட்டு இடம் கொடுத்தாள், அவன் இன்னும் போகவில்லை. முந்தைய கதையை விட இதற்குக் கூட்டம் அதிகமாம். சூட்கேஸைப் பார்க்கலாமா என்று கேட்கிறார்களாம். றவூப் தன் வலையை விட என் சூட்கேஸுக்கு மதிப்புக் கூடிவிட்டது என்று என்னோடு மூன்று நாளாகக் கதைப்பதில்லை.

இனி முக்கியமான விடயம். சனி காலை உம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, “பொடியனுக்கு வீட்டு ஆசை வந்துட்டுது. அது வயசுக் கோளாறு. வீடுள்ள புள்ளையாப் பாத்துக் கட்டிக் குடுத்தா அடங்கிடும்” என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பகலுணவுக்கு முன்பே எத்தாளைக்குப் போய்வந்துவிட்டாள். எத்தாளையில் வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் ரம்ஸியா. சட்டம் படித்து இப்போது நொத்தாரிசு. உறுதி எழுதத் தெரிந்த ஒருத்தி இந்தக் குடும்பத்துக்கு இனிமேல் அவசியம் என்பது உம்மாவின் கருத்து. பிள்ளைக்காகக் கட்டிய வீடு தயாராக இருக்கிறதாம். ஐந்து அறை, ஓட்டுக் கூரை, பின்னால் தென்னை, சுவர் இன்னும் வெள்ளை பூசவில்லை, நீ விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறாரே, அவருடைய விருப்பத்தைக் கேட்டீர்களா என்று அந்தப் பிள்ளையின் உம்மா நியாயமாகக் கேட்டிருக்கிறார். “அவனால ஒரு பிரச்சினையும் வராது” என்று உன் உம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை தானே உன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டாளாம்: இவர் எதையாவது எழுத்தில் கொடுத்தாரா, வாயால்தான் சொன்னாரா? வாயால்தான் என்று உம்மா சொல்ல, அப்படியென்றால் இன்னும் காப்பாற்றலாம் என்றாளாம். எனக்கு அந்தப் பிள்ளையின் அறிவில் மதிப்பு ஏற்பட்டிருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

வருகிற வெள்ளி அஸருக்கு அவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நீ இரண்டு அழைப்புகள் எடுக்கவேண்டும். முதலாவது கொம்பனிக்கு: உனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் பற்றி, உனக்கு உரிமையில்லாத ஒரு வாக்கைக் கொடுத்தாய் என்று, காரணங்கள் சேர்க்காமல் சொல். இரண்டாவது உம்மாவுக்கு: அவளிடம் என்ன சொல்வது என்று நான் சொல்லித்தரமாட்டேன், இருபத்தேழு வயதில் அது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவள் உன்னிடம் சத்தம் போடமாட்டாள், அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். இரண்டும் நடந்தால் எத்தாளைக்காரரின் வருகையைத் தள்ளிப்போடுவது பற்றி யோசிக்கலாம் என்கிறாள். நடக்காவிட்டால் அவர்களுடைய விருந்துக்குக் கோழி வாங்கச் சொல்லியிருக்கிறாள்; நான் இதை எழுதும்போதே றிஸ்மினா என் தோளுக்கு மேலால் படித்துவிட்டு, நானாவுக்கு, அதாவது உனக்கு, அவகாசம் கொடுக்கவேண்டாம், கோழி வாங்குவோம் என்கிறாள்.

ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதே. அந்த ஊர் மேட்டுப் படிகளில் மழைநேரம் ஓடி இறங்காதே. இரவில் கண்டதையும் சாப்பிட்டுவிட்டுப் படுக்காதே, சீனி நமது பரம்பரைச் சொத்து, உறுதி இல்லாமலே உனக்கு வரும். அல்லாஹ் உன் ஆயுளிலும் பிழைப்புக்குரிய ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக, உன் நாவை உன் அறிவு முந்தும்படி ஆக்குவானாக. உன் மேல் எனக்கிருக்கும் கோபம் முழுவதும் இந்தத் தாளில் இருக்கிறது. தாளுக்கு வெளியே இருப்பது எப்போதும் போல அன்புதான், அதைப் பற்றி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை அஸர் என்பது இங்கத்தைய நேரம். உன் கடிகாரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

இப்படிக்கு
உன் வாப்பா
ஸுஹைப்
(உம்மாவின் அனுமதியுடன், அவளுடைய வீட்டிலிருந்து)